இடது இருபத்தேழு, வலது இருபத்தொன்பது

கேத்தரினுக்கு ஐந்து வயது. தன் வலது கைக்கு பாபு என்று அவளே பெயர் வைத்திருந்தாள். இடது கைக்குப் பெயர் கிடையாது. கூப்பிடாமலே வந்துவிடுகிற ஆளுக்குப் பெயர் எதற்கு? பாபுவைத்தான் கூப்பிட வேண்டும். பிஸ்கட் பாக்கெட் பிரிக்க, ஜட்டியை மேலே இழுக்க, சர்ச்சில் கை தட்ட. "பாபு, வாடா," என்பாள். பாபு விரல்களை மூடிக்கொண்டு, பகல் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவன் போல மெதுவாக வருவான். சில நாள் வரவே மாட்டான்.

பிறப்பதற்கு முன்பே, அம்மா வயிற்றில் இருக்கும்போதே, அவளுக்கு ஸ்ட்ரோக் வந்திருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது கிலுகிலுப்பையை இடது கையால் மட்டுமே பிடிக்கிறாள் என்று அம்மா பொன்மலர் கவனித்தாள். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்ததில் தெரிந்தது: மூளையின் இடது பக்கத்தில், வரைபடத்தில் பெயர் எழுதாமல் விட்ட தீவைப் போல ஒரு சின்ன இடம். அதனால் வலது கையும் வலது காலும் கொஞ்சம் பின்தங்கியே வரும். நீங்கள் செய்த எதுவும் இதற்குக் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பா ஜெஸ்டன் அதை அங்கேயே நம்பிவிட்டான். பொன்மலருக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

"ஸ்ட்ரோக்கா? அது வயசானவங்களுக்குத்தானே வரும்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஒரு ஆன்ட்டி கன்னத்தில் கை வைத்தார்.

"எனக்கு வயித்துக்குள்ளயே வந்துட்ச்சு," என்றாள் கேத்தரின். "ஒங்களுக்கு எப்ப வரும் ஆன்ட்டி?"

ஜெஸ்டன் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

ஷூதான் பேஜாராக இருந்தது. வலது காலில் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்க முழங்காலுக்குக் கீழ் வரை பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் போட வேண்டும். ஸ்ப்ளின்ட்டோடு சேர்ந்து அந்தக் கால் நுழைய இரண்டு அளவு பெரிய ஷூ வேண்டும். கடையில் ஷூவைத் தனித்தனியாகத் தர மாட்டார்கள். அதனால் இரண்டு காலுக்கும் பெரியதாக வாங்கி, இடது ஷூவில் பஞ்சை அடைத்து ஓட்டினார்கள். கேத்தரின் அடிக்கடி விழுந்தாள். பார்க்கிறவர்கள் எல்லோரும் வலது காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். உண்மையில் தடுக்கி விட்டது இடது கால்தான். நல்ல காலுக்கு ஷூ தொளதொளவென்று இருந்தது.

பள்ளியில் ஸ்போர்ட்ஸ் டே நெருங்கியது. சனிக்கிழமை காலை. யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு லெமன் ஸ்பூன் ஓட்டம். சாயந்திரம் கூட்டிப்போக வந்த பொன்மலரை தனகோடி மிஸ் தனியாகக் கூப்பிட்டார்.

"கேத்தரின் மம்மி, நா தப்பா சொல்லல. கொழந்த விழுந்துகிட்டே இருக்கா. அன்னிக்கு சீஃப் கெஸ்ட்டுக்கு பொக்கே குடுக்கட்டுமே? அழகா ஃபிராக் போட்டு, மேடையில ஒக்காந்துக்கலாம்."

தனகோடி மிஸ் நல்லவர். கேத்தரினின் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்துவிட்டுத் திறந்து கொடுத்ததையே மறந்துவிடுகிற மாதிரி நல்லவர். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

"எனக்கு பொக்கே வேணாம்," என்றாள் கேத்தரின் கீழேயிருந்து. "எனக்கு லெமன் வேணும்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு கை வேலையை ஒரே கை பார்த்துப் பார்த்து, அவள் இடது கை ஒரு பொற்கொல்லரின் கை மாதிரி நிதானமாகி இருந்தது. வீட்டில் ஸ்பூனில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் போய்வந்தாள்.

"சரியான ஷூ வந்துடும் மிஸ்," என்றாள் பொன்மலர். "அது வந்தா விழ மாட்டா. நா சொல்றேன்."

சொல்லிவிட்டாள். இனி ஷூ வந்தாக வேண்டும். வராவிட்டால் மேடை, ஃபிராக், பொக்கே.

பொன்மலர் ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் மேஜையில் இருந்தாள். லைனிலிருந்து ஷூக்கள் தட்டுத் தட்டாக, ஒற்றை ஒற்றையாக வரும். ஒரு இடதையும் ஒரு வலதையும் எடுத்து, அளவு, நிறம், தையல், குதிகால் உயரம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒரே டப்பாவில் போட வேண்டும். துணை கிடைக்காதவை மூலையில் இருக்கும் ஒத்தைக் கூடைக்குப் போகும். அவள் கண்ணால் பார்ப்பதே இல்லை என்று பக்கத்தில் நிற்கும் முத்துமாரி சொல்வாள். கட்டைவிரலே போதும். ஒரு நூல் அளவு ஏறியிருந்தாலும் விரல் நின்றுவிடும்.

சாம்பிள் ரூமில் அஹமது பாஷா இருந்தார். புது மாடல்களை முதல் முதலில் செய்து பார்க்கிறவர். பொன்மலர் சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

"இடது இருபத்தேழு, வலது இருபத்தொம்பது வேணும் பாய்."

"இன்னாமா இது? பொறக்கும்போதே ரிஜெக்ட் ஆவற ஜோடிய கேக்கறியே!" பாஷா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்னு திட்டு வாங்கியே எனக்கு முடி கொட்டிடுச்சு. இப்ப நீ வந்து வேற வேற அளவுல செய்யச் சொல்ற."

"சாரே சரின்னுட்டாரு பாய்."

"அவர் சொல்லலன்னா செய்ய மாட்டேனா? கொழந்தை கால் எப்படி, சொல்லு. ஸ்ப்ளின்ட் எந்த எடத்துல இடிக்குது?"

ஜெர்மனிக்குப் போகும் பிள்ளைகள் ஷூ ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதே கறுப்புத் தோலில், லேஸ் இல்லாத அதே ஒட்டுப்பட்டை மாடலில் செய்கிறேன் என்றார் பாஷா. வெள்ளிக்கிழமை மதியம் சொன்னபடி ஒரு தட்டில் இரண்டு ஷூவும் அவள் மேஜைக்கு வந்தன. பக்கத்தில் நின்றால் அப்பாவும் பிள்ளையும் மாதிரி இருந்தன. பொன்மலர் அவற்றை ஒரு டப்பாவில் வைத்து மேஜை ஓரத்தில் ஒதுக்கினாள்.

அன்று முழுக்க அதே ஆர்டர்தான். அவள் முத்துமாரியிடம் ஓட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தூரம், எத்தனை பிள்ளைகள், கேத்தரின் எப்படி நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்பூனைப் பிடிப்பாள். கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. சாயந்திரம் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டி, டப்பாவோடு கேட்டைத் தாண்டி, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் டப்பாவைத் திறந்தது கேத்தரின். வலது ஷூ ஸ்ப்ளின்ட்டோடு அப்படியே உள்ளே போனது. இடது ஷூவைப் போட்டு எழுந்து நின்றாள். ஒரு அடி வைத்தாள். கால் வந்தது, ஷூ வரவில்லை.

பொன்மலர் அதை எடுத்து அடியில் பார்த்தாள். இருபத்தொன்பது. வலதையும் பார்த்தாள். இருபத்தொன்பது.

கட்டைவிரலால் இரண்டின் குதிகாலையும் தடவினாள். பிறகு மெதுவாக, "நாந்தான்," என்றாள். "நாந்தாங்க மாத்திட்டேன்."

"யாருன்னா கலாட்டா பண்ணியிருப்பாங்க," என்றான் ஜெஸ்டன். ஏ.சி. ரிப்பேர் முடித்து வந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இல்ல. டப்பாவுல ஜோடி தப்பா இருந்துச்சு. நா பேசிக்கினே ஒரே அளவா சரி பண்ணிட்டேன்."

முத்துமாரிக்குப் போன் போட்டாள். முத்துமாரி முதலில் சிரித்தாள், பிறகு யோசித்தாள், பிறகு இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தாள். "அக்கா! ஷிஃப்ட் முடியறப்போ ஒத்தைக் கூடையில ஒரு எடது இருபத்தேழும் ஒரு வலது இருபத்தொம்பதும் ஒக்காந்துனு இருந்துச்சு. ஜோடி இல்லாம கெடக்கே, பாவம்னு நெனச்சேன்."

கம்பெனி பூட்டியாயிற்று. காலையில் எட்டரைக்குத்தான் கேட் திறக்கும். ஓட்டம் எட்டு மணிக்கு.

ஜெஸ்டன் மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊரில், கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு ஜோடி ரோஸ் நிற ஷூவோடு வந்தான். நடந்தால் குதிகாலில் விளக்கு எரியும். அளவு சரியாக இருந்தது.

"இடதுக்கு இத போட்டுக்கலாம்டா. வலதுக்கு கருப்பு."

கேத்தரின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "டாடி, நீ ஒரு காலுக்கு பேன்ட், ஒரு காலுக்கு லுங்கி கட்டிக்கினு வேலைக்கு போவியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இடது காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டு, மிச்ச இடத்தில் பழையபடி பஞ்சை அடைத்தார்கள்.

காலையில் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. பொன்மலர் இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மிஸ்ஸிடம் போய், பொக்கேவே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவது. எல்லோர் முன்னாலும் பிள்ளை விழுந்து, ஐயோ பாவம் என்று ஒரு சத்தம் எழும்புமே, அதை அவளால் கேட்க முடியாது.

"விழுந்தா எழுந்துக்குவா," என்றான் ஜெஸ்டன்.

"ஒங்களுக்கு எல்லாமே ஈசி."

"எனக்கு இல்ல. அவளுக்கு ஈசி. தெனம் பழக்கமாச்சே."

பொன்மலர் மேடைப் பக்கம் நடந்தாள். தனகோடி மிஸ் பூங்கொத்தைத் தண்ணீர் தெளித்து வைத்துக்கொண்டிருந்தார். "ஷூ வந்துடுச்சா?" என்று கேட்டார். பொன்மலர் வாயைத் திறந்தபோது, மிஸ்ஸின் தோளுக்குப் பின்னால் கேத்தரின் தெரிந்தாள். யாரும் கூப்பிடாமலே போய்க் கோட்டில் நின்றிருந்தாள். ஸ்பூன் இடது கையில், பழம் ஸ்பூனில். மற்ற பிள்ளைகள் இன்னும் பழத்துக்கு அடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் நாக்கைக் கடித்தபடி தயாராக இருந்தாள்.

"வந்துடுச்சு மிஸ்," என்றாள் பொன்மலர்.

விசில் ஊதியது.

முதல் பத்து அடியிலேயே பாதிப் பழங்கள் தரையில் உருண்டன. ஒரு பையன் பழத்தைத் துரத்திக்கொண்டு எதிர்த் திசையில் ஓடினான். ஒருத்தி ஸ்பூனைப் போட்டுவிட்டுப் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். கேத்தரின் அவசரப்படவில்லை. வலது காலை ஒரு பக்கமாக வீசி வீசி வைத்து, கண்ணை எடுக்காமல் பழத்தைப் பார்த்தபடி போனாள். பொன்மலர் கயிற்றுக்கு வெளியே அவளோடு கூடவே நடந்தாள்.

நடுவழியில் பஞ்சு வெளியே வந்தது. அடுத்த அடியில் ஷூ கழன்றது. கேத்தரின் சாக்ஸ் காலோடு இரண்டு எட்டு போய்விட்டாள். பிறகு நின்றாள். திரும்பினாள்.

"வுடு, ஓடு!" என்று கத்தினான் ஜெஸ்டன். "ஷூவ வுட்டுட்டு ஓடுடா!"

அவள் ஓடவில்லை. அது புது ஷூ. இடது கையில் ஸ்பூன் இருந்தது. அதைக் கீழே வைத்தால் ஆட்டம் போச்சு. பொன்மலர் கயிற்றைத் தூக்கிக் குனிந்துவிட்டாள். ஒரு எட்டு வைத்து எடுத்துக் கொடுத்தால் முடிந்தது.

"மம்மி, வராத!"

பொன்மலர் அப்படியே நின்றாள், கயிறு முதுகில் உரச.

கேத்தரின் மெதுவாகக் குந்தினாள். ஸ்ப்ளின்ட் போட்ட கால் கணுக்காலில் மடங்காமல் முன்னால் நீண்டது. வலது கை இறங்கியது, ஷூவைத் தொட்டது, தள்ளிவிட்டது. மறுபடி இறங்கியது. வேலூர் தெரபி ரூமில் மணி, மரக்கட்டை, பந்து என்று எத்தனையோ வைத்து, கெஞ்சி, லஞ்சம் கொடுத்து, திறக்க வைக்கப் பார்த்த விரல்கள் அவை. ஒவ்வொன்றாக விரிந்து, ஒட்டுப்பட்டையின் கீழே நுழைந்து, மூடிக்கொண்டன. இடது கையில் பழம் ஆடியது. விழவில்லை.

எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் ஷூ. அவள் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது முதலில் வந்த பிள்ளை ஐஸ் வாங்கிப் பாதி தின்றாயிற்று. மைதானத்தில் எழுந்த சத்தத்தில் ஐயோ பாவம் இருந்ததா என்று பொன்மலருக்குத் தெரியவில்லை. கேட்க மறந்துவிட்டாள்.

கலந்துகொண்ட எல்லோருக்கும் சர்ட்டிஃபிகேட் கொடுத்தார்கள். போட்டோகிராபர் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, உயர்த்திக் காட்டச் சொன்னார். கேத்தரின் பழத்தையும் கொடுக்க மாட்டேன் என்றாள், ஷூவையும் விடவில்லை. தனகோடி மிஸ் சர்ட்டிஃபிகேட்டை எங்கே செருகுவது என்று சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கேத்தரினே வாயைத் திறந்து காட்டினாள். பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். போட்டோவில் கண் மட்டும்தான் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் பொன்மலர் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். வலது கை ஷூவை இறுகப் பிடித்திருந்தது. பிடிப்பது ஒரு கஷ்டம் என்றால் விடுவது அதைவிடக் கஷ்டம். விரல்கள் வெளுத்திருந்தன.

"எடுத்து வுடட்டா?"

"வேணாம். பாபு சொன்னா கேட்டுக்குவான்."

ஜெஸ்டன் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றான். பொன்மலர் தன் இரண்டு கைகளையும் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். அவை அங்கேயும் சும்மா இருக்கவில்லை.

கேத்தரின் விரல்களைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். சுண்டுவிரல் முதலில் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மோதிரவிரல். கட்டைவிரல் விட்டதும் ஷூ மண்ணில் தொப்பென்று விழுந்தது.

அவள் பெருமூச்சு விட்டு, அழுக்குச் சாக்ஸோடு இடது காலைத் தூக்கி அம்மா மடியில் வைத்தாள்.

"இத மட்டும் நீ போட்டு வுடு மம்மி. எனக்கு டயர்டா இருக்கு."