போட்டவர்தான் எடுக்கணும்

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. எதிர்க் குவார்ட்டர்ஸ் சைமன்ராஜ் சொன்னது. சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்தால் தூங்கப் போகவேண்டிய மனிதர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனைவி ஆனியின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பார். ஆனி கம்ப்யூட்டர் இன்ஜினியர். 2013-இல் அவள் ஆபீசில் நடந்ததை அவர் வாயால் பலமுறை கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் ஆனியின் சாமர்த்தியம் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. இட்டுக்கட்டுவதுதான் என்றால் அது என் தொழிலாயிற்றே, அவர் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று கதையை நானே வாங்கிக்கொண்டேன்.

வாங்கின பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. கதை நடுவே ‘என்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்’ என்று ஒன்று குந்தியிருக்கிறது. (பஸ்ஸை வைத்து ஒரு நகைச்சுவை செய்யலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எழுதிப் பார்த்து, சிரிப்பு வராமல் அடித்துவிட்டேன்.)

2.

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

‘நெய்வேலி வானத்தில் புகைபோக்கிகள் வெள்ளையாக மூச்சுவிட்டுக்கொண்

வேண்டாம். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

‘இலகுவான மென்பொருள் கூறுகளைப் பொதிந்து, அவற்றைத் தாங்கும் கொள்கலனில் நிறுவும் முறையானது

இந்த வரியைச் சைமன்ராஜிடம் படித்துக் காட்டினேன். பாதியில் அவருக்குக் கண் சொருகிவிட்டது. நைட் ஷிப்ட் அசதி என்று சமாளித்தார்.

மூன்றாவது இது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஆனியும் சைமன்ராஜும் புதுக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார்கள். கொல்லையில் ஒரு பலா மரம். அதற்காகவே ஆனி அந்த வீட்டுக்கு ஆசைப்பட்டாள். சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டும்போது ஒவ்வொரு பெட்டியின் மேலும் அவள் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு விஷயம் எழுதினாள்.

“உள்ள என்ன இருக்குன்னு எழுதுறே, சரி. கீழே என்ன எழுதுறே?” என்று கேட்டார் சைமன்ராஜ்.

“இதைப் பிரிச்சு வேலைக்கு வைக்கணும்னா வேற எது வேணும்னு எழுதுறேன். ஸ்டவ்வு இந்தப் பெட்டியில இருக்கு. ரெகுலேட்டர் வேற பெட்டியில இருக்கு. அது வர்ற வரைக்கும் இதைத் திறந்து என்ன பிரயோஜனம்?”

“யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?”

“எங்க ஆபீஸ்ல தினமும் இதான் வேலை.”

அது உண்மைதான். ஆனி வேலை பார்த்தது ஒரு சின்ன கான்ட்ராக்ட் கம்பெனி. டவுன்ஷிப்பில் கேன்டீனுக்கு ஒரு மென்பொருள், ஷிப்ட் பட்டியலுக்கு ஒன்று, வண்டிகளுக்கு ஒன்று, குவார்ட்டர்ஸ் புகாருக்கு ஒன்று. ஒன்று சொல்லும் செய்தியை மற்றொன்றுக்குக் கொண்டு சேர்ப்பதற்கு நடுவில் ஒரு பொதுவழி. அந்தப் பொதுவழியைத்தான் சர்வீஸ் பஸ் என்கிறார்கள். முன்பெல்லாம் அத்தனையையும் ஒரே பெரிய மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். கேன்டீனில் ஒரு வரி மாற்றவேண்டும் என்றாலும் எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும். ஒரு பல்பு மாற்றத் தெரு முழுக்கக் கரண்டை நிறுத்துகிற கதை.

ஆனி அந்த மூட்டையைப் பிரித்தாள். சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டினாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு: நான் தருவது இது, எனக்கு வேண்டியது இது. பொட்டலத்தை சர்வரில் அதற்கான ஃபோல்டரில் போட்டால் போதும். கன்டெய்னர் என்கிற தாய்ப் பெட்டி சீட்டைப் படிக்கும். வேண்டியது கிடைத்தால் ஓடவிடும். கிடைக்காவிட்டால் ஐந்து நிமிடம் காத்திருந்து பார்க்கும், பிறகு கைவிரித்துவிடும். ஒன்றை மாற்றும்போது மற்றவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இது நடக்கிற காரியமில்லை என்றது சென்னை ஹெட் ஆபீஸ். நெய்வேலி ஆபீசை மூடிவிட்டு எல்லோரையும் சென்னைக்கு வரச் சொன்னது. சர்வர்களை அடுக்கிய இரும்பு ரேக்கை ஏற்றிப்போகத் திங்கட்கிழமை லாரி வருவதாகவும் தீர்மானம் ஆகிவிட்டது. உள்ளூர் மேனேஜர் கோபாலகிருஷ்ணன் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், எதையும் நிறுத்தாமல், கேன்டீன் பொட்டலத்தை மட்டும் மாற்றிக் காட்டவேண்டும். காட்டினால் லாரி வராது.

காட்டாவிட்டால் ஆனி சென்னையில், சைமன்ராஜ் சுரங்கத்தில். பலா அப்போதுதான் முதல் பிஞ்சு விட்டிருந்தது. அவ்வளவுதான் கதையில் பணயம். பெரிய விஷயமில்லை என்று நினைப்பவர்கள், கல்யாணமான மறு மாதமே மனைவியை வாரம் ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பழகியவர்களைக் கேளுங்கள்.

3.

இப்போது ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். கோபாலகிருஷ்ணனை வில்லனாக்குவதாக இருந்தேன். அனல்மின் நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் தெரியாது. சிடுசிடுப்பு. வில்லனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் சைமன்ராஜ் கதைப்படி அவர் நல்லவர். நல்லவரை வைத்துக்கொண்டு கதையில் முட்டுக்கட்டை போடுவது எப்படி?

அவரே போட்டார். அட்டையால்.

* அட்டை பற்றி ஓர் அடிக்குறிப்பு, அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே: எந்திரத்தில் வேலை செய்ய இறங்குகிறவர், அதை நிறுத்திவிட்டு, சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு இறங்குவார். ‘வேலை நடக்கிறது. தொடாதே.’ அந்த அட்டையைப் போட்டவர்தான் எடுக்கணும். எங்கள் ஊரில் தவழுகிற குழந்தைக்கும் இது தெரியும். என் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ஐஸ்கிரீம் டப்பாமேல் மாட்டிவைத்திருந்தான். வீட்டில் ஒருவரும் தொடவில்லை.

கம்பெனியில் சேர்ந்த அன்றே கோபாலகிருஷ்ணன் சர்வர் அறையில் ஓர் ஆணி அடித்து, சிவப்பு அட்டைகளை மாட்டினார். மென்பொருளை நிறுத்துகிறவர்களும் அட்டை போடவேண்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. சென்னை ஆபீஸ் ஸ்பீக்கர் போனில் கேட்டுக்கொண்டிருக்க, ஆனி கேன்டீனின் புதுப் பொட்டலத்தை ஃபோல்டரில் போட்டாள். கன்டெய்னர் சீட்டைப் படித்தது. திரையில் ‘காத்திருக்கிறது’ என்று வந்தது.

எந்த ஷிப்டில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே எத்தனை இட்லி என்று கேன்டீன் சொல்லமுடியும்? அதைத் தரவேண்டிய ஷிப்ட் பட்டியல் பொட்டலம் படுத்துக் கிடந்தது. யாரோ நிறுத்தியிருந்தார்கள். பழைய கேன்டீன் கையிலிருந்த கணக்கிலேயே ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. ஆனி நிமிர்ந்து பார்த்தாள். மானிட்டர் ஓரத்தில் சிவப்பு அட்டை. பெயர்: கலைச்செல்வன்.

கலைச்செல்வன் பக்கத்து நாற்காலிக்காரன், ஊர் முத்தாண்டிக்குப்பம். முந்தின நாள் பட்டியலில் ஏதோ திருத்த நிறுத்தியிருக்கிறான். அதற்குள் வீட்டிலிருந்து போன் வந்து, பண்ருட்டியில் ஜவுளி எடுக்க ஓடிவிட்டான். இன்றைக்கு அவனுக்கு நிச்சயதார்த்தம்.

ஆனி போன் போட்டாள். பின்னால் மைக்செட் அலறியது.

“அய்யய்யோ, மறந்தே பூட்டேன்க்கா! நீங்களே எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணிக்கங்க. இங்க தட்டு மாத்திகினு இருக்காங்க!”

ஆனி அட்டையை நோக்கிக் கை நீட்டினாள்.

“ஆனி. கையை எடு,” என்றார் கோபாலகிருஷ்ணன்.

“சார், அவனே சொல்லிட்டான் சார்!”

“போன்ல சொன்னா ஆகாது. நேர்ல வந்து எடுக்கட்டும்.”

“இது பாய்லர் இல்ல சார். உள்ள யாரும் கையை விட்டுகிட்டு நிக்கல. மிஞ்சிப்போனா இட்லி கணக்கு தப்பும்.”

கோபாலகிருஷ்ணன் ஸ்பீக்கர் போனை மியூட்டில் போட்டார். “ஒரு தடவை நிலக்கரி அரைக்கிற மில்லுக்குள்ள நான் இருந்தேன். வெளிய ஷிப்ட் மாறிடுச்சு. புதுசா வந்தவனுக்கு நான் உள்ள இருக்கிறது தெரியாது. சுவிட்சுகிட்ட போனவன் அட்டையைப் பார்த்து நின்னுட்டான். அவன் ‘சும்மா ஒரு அட்டைதானே’ன்னு நினைச்சிருந்தா இன்னிக்கு உனக்கு இந்த மேனேஜர் இல்ல. எடுத்துப் பழகின கை இங்கேயும் எடுக்கும், அங்கேயும் எடுக்கும்மா.”

ஆனிக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா, அவர் சொன்னது சரி என்பதால் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. திரையில் ‘காத்திருக்கிறது’ மறைந்து, கைவிரித்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஸ்பீக்கரில் சென்னை, “என்னாச்சு?” என்றது.

4.

(இந்த இடத்தில் ஒரு பிரமாதமான காட்சி இருந்தது. கலைச்செல்வன் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நெற்றியில் சந்தனத்தோடு பைக்கில் பறந்துவருகிறான். மணப்பெண் செவ்வந்தி வாசலில் நின்று, “போறதுன்னா அப்படியே போயிடுங்க, திரும்பி வராதீங்க” என்கிறாள். எழுதி முடித்து, மரியாதைக்குச் செவ்வந்தியிடமே காட்டினேன். “நான் எங்க அப்படிச் சொன்னேன்? நீங்க பாட்டுக்கு எழுதிகினே போவீங்களா? எங்க வூட்டு விசேஷத்தைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்” என்றார். ஆகவே இந்தப் பகுதியில் சிவப்பு அட்டை தொங்குகிறது. போட்டவர்: செவ்வந்தி. அவர் வந்து எடுக்கும்வரை நான்காம் பகுதி ஓடாது.)

4-பி.

ஆனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அட்டையையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“சார், உங்க பிளான்ட்ல ஒரு பம்ப்புல அட்டை தொங்குது. போட்டவர் வரல. அதுக்காக பாய்லருக்குத் தண்ணி விடாம இருப்பீங்களா?”

“அதெப்படி? ஏ பம்ப்புல அட்டை தொங்கினா பி பம்ப்பை ஓட்டுவோம். அதுக்குத்தானே ஸ்டான்ட்பை?”

“பாய்லர் கேக்குமா, இது எந்த பம்ப்புத் தண்ணின்னு?”

கோபாலகிருஷ்ணன் அவளை உற்றுப் பார்த்தார். சிடுசிடுப்பு முகத்தில் சிரிப்பு மெதுவாகத்தான் வரும். வந்தது.

ஆனி ஷிப்ட் பட்டியலின் மூல நிரலை எடுத்தாள். பதிப்பு எண்ணை மட்டும் ஒன்று கூட்டினாள். சீட்டை மாற்றிப் புதிய பொட்டலமாகக் கட்டினாள். ஒரே பொட்டலத்தின் இரண்டு பதிப்புகள் அந்தத் தாய்ப் பெட்டிக்குள் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கலைச்செல்வனின் பழைய பொட்டலம் அட்டையோடு அப்படியே கிடந்தது. புதியது ஃபோல்டரில் விழுந்தது, எழுந்தது, ஓடியது. கேன்டீனை மறுபடி கிளப்பினாள். அதற்கு வேண்டியது பட்டியல்தான். கொடுப்பது பழையதா புதியதா என்று அது கேட்கவே இல்லை. திரையில் ‘இயங்குகிறது’ என்று வந்தது. கோபாலகிருஷ்ணன் வண்டிகளைப் பார்த்தார், ஓடின. புகார்களைப் பார்த்தார், அவையும் குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தன.

ஆனி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

கவனித்தீர்களா? நான்காம் பகுதி நின்றுகிடக்கிறது. கதை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

5.

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சுபம் போடப் பேனாவைத் திறந்தபோது ஸ்பீக்கரில் சென்னை பேசியது.

“நல்லா பண்ணீங்க, வாழ்த்துகள். ஆனா லாரி புக் ஆயிடுச்சே. திங்கக்கிழமை வந்துடும். ரேக்கை அனுப்பிடுங்க. மத்ததை இங்க வந்து பேசிக்கலாம்.”

போன் வைக்கப்பட்டது. ஆனி சுற்றுவதை நிறுத்தினாள்.

எனக்கும் ஆத்திரம்தான். இப்படி ஒரு முடிவை நான் எழுதவில்லை, சைமன்ராஜும் இட்டுக்கட்டவில்லை. சென்னையைத் திட்டி ஆனி ஒரு பெரிய வசனம் பேசுவதாக எழுதிப் பார்த்தேன். அவள் அப்படியெல்லாம் பேசுகிற ஆளில்லை. வேலையை விட்டுவிட்டுப் பலாப்பழம் விற்கப்போவதாகவும் எழுதினேன். பிஞ்சு இன்னும் கைப்பிடி அளவுகூட இல்லை.

இந்த மாதிரி நான் விழித்துக்கொண்டிருந்தபோது கோபாலகிருஷ்ணன் எழுந்தார். ஆணியிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். தன் பெயரை நிதானமாக, கோணாமல் எழுதினார். சர்வர் ரேக்கின் கைப்பிடியில் மாட்டி, நூலை இரண்டு முடிச்சுப் போட்டார்.

“சார்?” என்றாள் ஆனி.

“வேலை நடக்குதும்மா. நடக்குதா இல்லையா?”

“நடக்குது சார்.”

“நான் நாளைக்குத் திருப்பதி கிளம்பறேன். மொட்டை பாக்கி இருக்கு. அங்கேர்ந்து காளஹஸ்தி. போனை எடுக்க மாட்டேன். எடுத்தாலும், போன்ல சொன்னா ஆகாது. உனக்குத் தெரியுமே?”

ஆனி அன்று வீட்டுக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த சைமன்ராஜை உலுக்கி எழுப்பினாள். விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாய் குரைத்ததாம். (நாய் சைமன்ராஜ் சேர்த்தது. இருக்கட்டும்.)

6.

திங்கட்கிழமை என்ன ஆயிற்று? சைமன்ராஜைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்கிறார். லாரி பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ரேக் இல்லாமலே திரும்பியது என்பார். லாரிக்காரரின் அப்பாவே பழைய நெய்வேலிக்காரராம், அட்டையைப் பார்த்ததும் லாரிக்காரர் செருப்பைக் கழற்றினாராம் என்பார். ஆனியைக் கேட்டேன். “நீங்கதானே எழுதறீங்க?” என்று நழுவிவிட்டாள்.

என்னால் இதை முடிக்க முடியாது. அட்டையை மதிப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த பழக்கம். யார் வந்து நின்றாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதாகத்தான் எழுதுவேன். லாரி சென்னையிலிருந்து வருகிறது. அதில் வருகிறவர் வெளியூர்க்காரராக இருந்தால்தான் முறை.

ஆகவே நீங்கள் வாருங்கள்.

லாரி வெளியே நிற்கிறது, என்ஜினை அணைக்கவில்லை. உங்கள் கையில் ரேக்கை எடுத்துவரச் சொன்ன தாள். அறைக்குள் ஆனி திரையைப் பார்த்து வேலை செய்துகொண்டிருக்கிறாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பி, “வாங்க, டீ சொல்லட்டுங்களா?” என்கிறாள். அவள் பார்வை மட்டும் ஒரு தடவை ரேக்குக்குப் போய்த் திரும்புகிறது.

கைப்பிடியில் சிவப்பு அட்டை. மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடுகிறது. போட்டவர் மொட்டைத் தலையோடு எங்கோ மலைமேல் வரிசையில் நிற்கிறார்.

ஊர் வழக்கம் தெரியாது என்று நீங்கள் சொல்லமுடியாது. இதுவரை படித்துவிட்டீர்கள்.

நூலில் இரண்டே முடிச்சுதான் இருக்கிறது. டீ வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.