ஜிசெலின் அப்பா பெயர்

காப்புநிதி அலுவலகத்தில் முப்பத்தேழாம் எண்ணைக் கூப்பிட்டபோது மணி பதினொன்று. மெர்லிதாவின் கையிலிருந்த சீட்டு நாற்பத்தொன்று. பன்னிரண்டு அடித்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். மீன் டப்பா ஆலையில் அரை நாள் விடுப்புதான் கொடுத்திருந்தார்கள். பதினாறு வருஷமாக அவித்த சூரை மீனின் தோலைச் சுரண்டிய கை. எவ்வளவு எலுமிச்சை தேய்த்துக் கழுவினாலும் வாடை போவதில்லை. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். உட்காரட்டும், இவர்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

மெர்லிதாவுக்கு இடப் பக்கம் மகள் ஜிசெல், பதினோரு வயது. வலப் பக்கம் ரெனாத்தோ, சட்டப்படி அவளுடைய புருஷன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வேறொருத்தியோடு போனவன். பக்கத்து ஊரில் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான், மூன்று பிள்ளைகள். இந்த நாட்டில் கட்டிய கல்யாணத்தை அவிழ்க்கச் சட்டமில்லை. அது செல்லாத கல்யாணம் என்று கோர்ட்டில் நிரூபிக்கலாம்தான். அதற்கு மெர்லிதா இரண்டு வருஷம் சாப்பிடாமல் உழைக்க வேண்டும். அவன் போனான், அவள் எப்ரேன் அபார்காவோடு குடித்தனம் வைத்தாள், ஜிசெல் பிறந்தாள். அவர்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

போன மாதம் எப்ரேன் கடலில் செத்துப்போனான். தூண்டில் கயிறு காலில் சுற்றி இழுத்துவிட்டது. மூன்று நாள் கழித்து, பிடித்த மீனோடு பனிக்கட்டியில் கரைக்கு வந்தான். ஜிசெலுக்கு மாதம் ஒரு இருதய ஊசி. விட்டால் வால்வு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இத்தனை நாள் எப்ரேனின் காப்புநிதி அட்டையில் ஊசி நடந்தது. இனிமேல் அவன் பிள்ளை என்று உதவித்தொகை வந்தால்தான் உண்டு. ஜிசெல் தன் பிள்ளை இல்லை என்று ரெனாத்தோ வாயாலேயே சொல்லவைக்கத்தான் மெர்லிதா அவனைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

"காலைச் சவாரி பூரா போச்சு," என்று முனகினான் அவன்.

"போவட்டும். பதினஞ்சு வருஷத்துல ஒரு நாள் எனக்காக உக்காந்தா தேஞ்சா போயிடுவ?"

"உக்காந்துதானே இருக்கேன்." அவன் குனிந்து சிறுமியைப் பார்த்தான். "நல்லா படிக்கிறியா?"

ஜிசெல் ஓலையில் பொதிந்த சோற்றை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

நாற்பத்தொன்று. ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் காகிதங்களைப் புரட்டினாள்.

"பொறப்புச் சான்றுல பெத்தவங்க கல்யாணத் தேதி ஜூன் இருபத்தொம்போதுன்னு இருக்கே. அந்தக் கல்யாணச் சான்று எங்கம்மா?"

அப்படி ஒரு கல்யாணம் நடந்தால்தானே சான்று இருக்கும்? பிறப்புச் சான்று எழுதும்போது பிரசவம் பார்த்தவள் கல்யாணத் தேதி கேட்டாள். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு முறைதவறிப் பிறந்தது என்று பேர் வைப்பார்கள். எப்ரேன் தலையைச் சொறிந்துவிட்டு, மீனவர்களின் புனிதர் திருநாளைச் சொன்னான். அந்தத் தெருவில் அப்படிப் பிறந்த பிள்ளைகளின் அப்பா அம்மா எல்லோரும் ஏதாவது ஒரு திருநாளில்தான் கல்யாணம் செய்திருந்தார்கள்.

"அது சும்மா சொன்னது, மேடம்."

"சும்மா." அம்மாள் கோபப்படவில்லை. கேட்டுப் பழகிய காது. "ஒங்க பேர்ல நெசக் கல்யாணம் ஒண்ணு பதிவாகியிருக்கு. ரெனாத்தோ சுமல்போங்."

"நாந்தான் அது," என்று ரெனாத்தோ ஜன்னலுக்கு வந்தான். "இந்தப் பிள்ள என்னுது இல்ல மேடம். எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

"அத அப்பவே கோர்ட்டுல சொல்லியிருக்கணும். கெடு முடிஞ்சு பத்து வருஷமாச்சு."

"அப்ப யாரு என்னைக் கேட்டா?"

"நான் சொல்றேனே மேடம்," என்றாள் மெர்லிதா. "பெத்தவ நான். அப்பன் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னா செல்லாதும்மா. கல்யாணமானவ பெத்த பிள்ளைக்குப் புருஷன்தான் அப்பா. தாயே மாத்திச் சொன்னாலும் சட்டம் காதுல வாங்காது." அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இதுக்கு மேல சத்தமாப் பேசாதீங்க. புருஷன் இருக்கும்போது இன்னொருத்தர்கூட இருந்தேன்னா, அதுக்கு ஜெயில் உண்டு."

"இவரு ஓடிப்போனதுக்கு?"

"ஆம்பளைக்கு வேற சட்டம்."

கோப்பில் எப்ரேனின் புகைப்படம் செருகியிருந்தது. அம்மாள் அதைப் பார்த்தாள், பிறகு சிறுமியைப் பார்த்தாள். அதே கூட்டுப் புருவம், அதே தெற்றுப் பல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினாள். இறந்தவரின் மனைவி: இல்லை. பிள்ளைகள்: இல்லை.

"அப்ப எம் பொண்ணு ஊசி?"

"இவருக்கு அட்டை இருக்குல்ல? பிள்ளையை இவர் பேர்ல இப்பவே சேத்துடலாம். சட்டப்படி அப்பாவாச்சே. ஊசிக்கு ஆகும். நாளைக்கு இவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உதவித்தொகையும் வரும்."

"எனக்கு என்ன ஆகணும்ங்கிறீங்க?" என்றான் ரெனாத்தோ. சிரிக்கலாமா என்று மெர்லிதாவின் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க வீட்டுக்காரி தெரிஞ்சா தொலைச்சிடுவா. சரி, எழுதுங்க. ஊசிக்குத்தானே."

மெர்லிதாவுக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்து எறியலாம் போல இருந்தது. அடுத்த ஊசிக்கு எட்டு நாள் இருந்தது.

"குடுங்க," என்றாள்.

அம்மாள் படிவத்தை வெளியே தள்ளினாள். "பாப்பா, ஒன் முழுப் பேரை எழுது."

ஜிசெல் சோற்றுப் பொதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குண்டு குண்டாக எழுதினாள்: ஜிசெல் அபார்கா. அம்மாள் எட்டிப் பார்த்து அதை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"அபார்கா இல்ல கண்ணு. ஒங்க அப்பா பேரு."

"அதத்தானே எழுதினேன்."

பின்னால் நாற்பத்திரண்டாம் எண்காரர் வந்து நின்றுவிட்டார்.

"எழுதும்மா," என்றாள் மெர்லிதா.

"எனக்கு அதை எப்படி எழுதறதுன்னு தெரியாது."

ரெனாத்தோ அவளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். தன் குடும்பப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். ஜிசெல் ஓர் எழுத்தை எழுதி முடித்துவிட்டு, அடுத்த எழுத்துக்காகப் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தாள்.