ஸ்டிக்கர் கிழிக்காத பாத்திரங்கள்

பெருநாள் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லி வீட்டில் சமையல் முழுக்கப் புதுப் பாத்திரத்தில் நடந்தது. கடை ஸ்டிக்கரைக்கூட தஸ்லீம் கிழிக்கவில்லை. இதில் கறி பட்டதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. சாம்பார் சாதமும் அவியலும் வத்தக்குழம்பும் விலையோடு மேசைக்கு வந்தன.

விருந்தாளிகள், அயனம்பாக்கத்து வரதனும் அவர் மனைவி மங்களமும். வரதனின் தங்கை வித்யாவை தஸ்லீமின் தம்பி முஸ்தகீம் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடம் இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்ளவில்லை. பேச ஆரம்பித்ததிலிருந்து பெருந்தன்மையை நிறுத்த முடியவில்லை.

அதில் மாட்டிக்கொண்டது, முஸ்தகீம்-வித்யாவின் பத்து வயது மகள் ஜோயா. தஸ்லீம் மாமி வீட்டுக்குப் போனால், பிள்ளை அம்மா பக்கத்துச் சாப்பாட்டுக்கு ஏங்கிப்போயிருக்கும் என்று சாம்பார் கிடைக்கும். மங்களம் அத்தை வீட்டுக்குப் போனால், அப்பா பக்கத்து ருசி விட்டுப்போகக் கூடாது என்று மீல்மேக்கர் பிரியாணி. மாமி சாம்பாரில் பட்டை போடுவாள். அத்தை பிரியாணியில் பெருங்காயம் போடுவாள். ஆவடியில் சொந்த வீடு இருக்கிறது. அங்கே வேலை முடிந்து வரும் அம்மாவும் அப்பாவும் செல்போனைத் தடவி தோசை வரவழைப்பார்கள்.

ஜோயாவுக்கு வேண்டியது, மாமி தன் வீட்டு ஆட்களுக்கென்று வைக்கும் தால்ச்சா. எலும்பும் கத்தரிக்காயும் பருப்போடு குழைந்து கிடக்குமே, அது. ஒரு கல்யாணத்தில் அரைக் கரண்டி கிடைத்ததோடு சரி. இன்று அம்மா அப்பாவோடு வந்ததிலிருந்து சமையலறைப் பக்கம் அதே வாசனை.

முதலில் உரை. தஸ்லீமின் கணவர் ஹாஜா மொய்தீன் வாழ்த்துரை வழங்கிப் பழக்கப்பட்டவர். "இந்த மேசையில ரெண்டு பண்பாடு உக்காந்துகினு கீது" என்று தொடங்கி, முடிக்க மறந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவரான வரதன் நன்றியுரை சொன்னார். உணவுதான் பாலம் என்றார். பாலம் ஆறிக்கொண்டிருந்தது. மங்களம் தன் பங்குக்குக் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தாள். மீல்மேக்கர் பிரியாணி.

தஸ்லீமும் மங்களமும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஜோயாவின் தட்டில் வைத்தார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமி, எனக்கு தால்ச்சா குடுங்க."

"இன்னா தால்ச்சா? அதெல்லாம் இல்ல கண்ணு."

"உள்ள சட்டியில கீது."

முஸ்தகீம் மின்விசிறியைப் பார்த்தான். வித்யா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எப்பப் பாத்தாலும் இல்லாததுதான் வேணும் உனக்கு."

"இருக்கும்மா."

மங்களம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தாராளமாப் போடுங்க. நாங்க அதெல்லாம் பாக்கறவங்க இல்ல."

"தெரியும்ங்க," என்றாள் தஸ்லீம். "இருந்தாலும் நீங்க சாப்புட்ற மேசையில எப்டிங்க..."

"நீங்க போடலன்னாதான் எங்களுக்குச் சங்கடம்," என்றார் வரதன்.

"போட்டா எங்களுக்குச் சங்கடம்," என்றார் ஹாஜா மொய்தீன். "உங்க மனசு எனக்குத் தெரியும் அண்ணாத்தே. எங்க மனசையும் நீங்க பாக்கணுமில்ல?"

இதற்குப் பிறகு யார் அதிகம் விட்டுக்கொடுப்பது என்று போட்டி வந்துவிட்டது. ஒருவரும் எழுந்து போய்ச் சட்டியைத் திறப்பதாக இல்லை. ஜோயா தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். எல்லோரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை.

சமையலறையில் வெறும் சோறு இல்லை. இருந்ததெல்லாம் சாம்பார் சாதமாகியிருந்தது. சட்டியை இறக்கித் தரையில் வைத்து, கேஸ் சிலிண்டரில் சாய்ந்து உட்கார்ந்து, கரண்டியாலேயே சாப்பிட்டாள். மேலே கொழுப்பு உறைந்திருந்தது. உப்பும் கொஞ்சம் தூக்கல். ஒரு எலும்பை எடுத்து உறிஞ்சினாள்.

கூடத்தில் சமரசம் ஏற்பட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு அயனம்பாக்கத்தில் விருந்து. பிள்ளை ஆசைப்பட்டதற்காக தஸ்லீம் தால்ச்சா செய்து எடுத்துவருவாள், எலும்பு இல்லாமல். புதுச் சட்டியில்.

"எலும்புக்குப் பதிலா மீல்மேக்கர் போட்டுடலாமே," என்றாள் மங்களம்.

"அட, சூப்பரா கீதே," என்றாள் தஸ்லீம்.

வரதன் கைதட்டினார்.

"ஜோயா, எங்க போன?" வித்யாவின் குரல். "உனக்காகத்தான் எல்லாரும் இவ்ளோ பண்றாங்க. இப்ப சந்தோஷமா?"

எலும்பை வாயிலிருந்து எடுக்காமலே, "ம்" என்றாள் ஜோயா.