மதினி பிடித்த விண்கலம்

மூன்று வாரமாக ஒரே பாட்டு. முன்னால் ஒரு விண்கலம் போகிறது, பின்னால் நம்முடையது போகிறது, இரண்டும் பூமியை ஒரே வட்டத்தில் சுற்றுகின்றன. முன்னால் போவதை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டால், மகாராணி மதினி கொஞ்சங்கூடக் கூசாமல் சொல்லுவாள்: "மேல ஏறிப் போயிப் பிடிப்பேன்."

வித்யாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வரும். அடித்துக்கொண்டும் பார்த்துவிட்டாள். தலைவலிதான் மிச்சம்.

"மதினி, மேல ஏறுனா வட்டம் பெருசாயிரும். வேகமும் கொறைஞ்சுரும். முன்னாடி போறது இன்னும் முன்னாடி போயிரும். எத்தன தடவ சொல்றது?"

"சரித்தா, கோவிச்சுக்காத. கீழதான் எறங்கணும். தெரியும்."

"தெரியும்ல? இப்பச் சொல்லுங்க. நூறு கிலோமீட்டருக்கு முன்னாடி ஒரு கலம் போகுது. என்ன செய்வீங்க?"

மதினி கண்ணை இறுக மூடிக்கொள்வாள். உதடு முணுமுணுக்கும். பிறகு ஏதோ சாமி வந்த மாதிரி வலது கை தன்னால் மேலே போகும். "கொஞ்சம் மேல ஏறி..."

போச்சு. எல்லாம் போச்சு.

வேறு யாராவது இப்படிச் சொன்னால் போ சனியனே என்று எழுந்து வந்துவிடலாம். மதினியிடம் அது நடக்காது. மதுரையில் ஒரு கம்பெனி, சின்னச் சின்னச் செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து ஓட்டுகிற கம்பெனி, வேலைக்கு ஆள் எடுத்தது. அறிவியலில் ஒரு டிகிரி இருந்தால் போதும், வயது வரம்பு கிடையாது. ஆனால் ஒரு குடைச்சல் வைத்திருந்தான். சோதனைக்கு இரண்டு பேராகத்தான் வர வேண்டும். ஒருத்தர் கம்ப்யூட்டரில் கலத்தை ஓட்டி இன்னொரு கலத்தைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் படத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். மார்க்கு மட்டும் தனித்தனி.

வித்யா எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஐந்து வருசம் ஆகிறது. பதினோரு இண்டர்வியூ போய்விட்டு வந்தாள். டைப் அடிக்கத் தெரியுமா என்றார்கள், இந்தி தெரியுமா என்றார்கள், டூவீலர் இருக்கா என்றார்கள். அவள் படித்த படிப்பைப் பற்றி ஒரு பாவியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற முதல் வேலை இதுதான். இதையும் விட்டால் ஏலக்காய்க் கடையில் பில் போடத்தான் உட்கார வேண்டும், அதற்கும் சொல்லி வைத்தாகிவிட்டது.

கூட வருவதாகச் சொன்ன சிநேகிதி கார்த்திகா கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். வித்யா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணன் அன்புச்செல்வன்தான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், "ஏன், ஒம் மதினியும் பிசிக்ஸ்தானே?"

பிசிக்ஸ்தான். யார் இல்லை என்றார்கள்! பதினெட்டு வருசத்துக்கு முந்திய பி.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருசமே குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. காலை ஆறு மணிக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் போனால் சாயங்காலம் சேறும் சகதியுமாக இறங்குவாள். அந்த மதினி புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்னத்தா தெரியும், எல்லாம் மறந்துபோச்சு. ஒனக்கு ஒத்தாசையா வேணா வந்து நிக்கிறேன்" என்றாள். வந்து நின்றாள். மேலே ஏறிப் போய் நின்றாள்!

காய் எடுப்புக் காலம் என்பதால் மதினிக்கு லீவு கிடையாது. அதனால் வித்யாவும் அதே ஜீப்பில் இருபது பொம்பளைகளுக்கு நடுவில் நசுங்கி மலைக்குப் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரைமணி பாடம் நடத்தினாள். காலில் அட்டை ஏறுகிறது, தூக்குவாளியில் எறும்பு ஏறுகிறது, மதினி மட்டும் மண்டைக்குள் ஒன்றையும் ஏற்றவில்லை.

சோதனைக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று வித்யா ஷெட்டில் நோட்டைத் தேடிவிட்டு வருவதற்குள், மதினி முன்னால் போன காய் எடுக்கிற கூட்டத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். வித்யா பின்னாலேயே போனாள். அந்தத் தோட்டம் ஒரே உருண்டைக் குன்று. இடுப்பில் கயிறு சுற்றின மாதிரி மூன்று தடங்கள் குன்றைச் சுற்றிப் போகும். வித்யா நடுத்தடத்தில் விறுவிறு என்று நடந்தாள். மதினியின் குரல் கேட்கிறது. "காய்ச் சரத்தை ஒடிக்காம எடுங்கடி!" இதோ இந்த வளைவுக்கு அந்தப்பக்கம்தான். வளைவைத் தாண்டினால் ஆளைக் காணோம், குரல் அடுத்த வளைவில் கேட்கிறது. ஓடினாள். சறுக்கினாள். செருப்பு ஒன்று அறுந்தது. "மதினீ!" என்று கத்தினாள். "வாத்தா, வா!" என்று பதில் வந்ததே தவிர மதினி நின்றபாடில்லை.

செடிக்கு நடுவில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்த ராக்கு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ஏம் பாப்பா, அவ பின்னாடியே ஓடுனா எப்பப் புடிப்ப? மேல்தடத்துக்கு ஏறு. மேல ஏறுனா சுத்து கொறையும்ல. ஒங்க மதினி அப்படித்தான முன்னால போற ஆளப் புடிக்கிறா."

வித்யா செடியைப் பிடித்து மேல்தடத்துக்கு ஏறினாள். ராக்கு சொன்னது சரி. குன்று உச்சிக்குப் போகப் போகச் சிறுத்தது, தடமும் சிறுத்தது. இருநூறு எட்டு வைத்திருப்பாள். கீழே பார்த்தால் மதினி அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள் வித்யா. அடக் கடவுளே! மூன்று வாரமாக இந்த மனுஷியை மண்டு என்று நினைத்தேனே! பதினேழு வருசமாகத் தினமும் காலால் நடந்து கண்ட கணக்கை, நான் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அழிக்கப் பார்த்தேனே!

"என்னாடி, அட்ட கடிச்சிருச்சா?" என்று மதினி மேலே ஏறி வந்தாள்.

"மதினி, ஒரு வடச்சட்டி வேணும்."

"இங்கயா? வடச்சட்டியா?"

ஷெட்டில் டீ போடுகிற பொம்பளையிடம் கெஞ்சி ஒரு வடச்சட்டி வாங்கினாள். முதலில் கவிழ்த்து வைத்தாள். "இது நம்ம மல. மேல போகப் போகச் சுத்து சின்னது. சரியா?" மதினி தலையாட்டினாள். பிறகு அதைத் திருப்பி நிமிர்த்தி வைத்து, அடிக்குழியில் ஒரு ஏலக்காயைப் போட்டாள். "இதுதான் பூமி. வானத்துல மல தலகீழா இருக்கு மதினி. குழிதான். கீழ எறங்க எறங்கத்தான் சுத்து சின்னது. போடிமெட்டுல எறங்குற ஜீப்பு மாதிரி, எறங்க எறங்க வேகமும் எடுக்கும்."

மதினி சட்டியையே பார்த்தாள். விரலை உள்பக்கம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னும் கொஞ்சம் கீழே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து வித்யாவை முறைத்தாள்.

"அடி பாவி மகளே! இதை மொத நாளே சொல்லியிருந்தா என்ன? மூணு வாரமா என் உயிர வாங்கிட்ட!"

மிச்சமிருந்த ஐந்து நாளும் வித்யா விடவில்லை. பிடிக்கணும்னா என்ன? பிரேக்கப் போடு, கீழ எறங்கு, பிடி. தூங்கி எழுந்ததும் அதுதான், பல் விளக்கும்போதும் அதுதான். மதினி அப்பளம் பொரிக்கும்போதுகூட "பிரேக்கப் போடு, கீழ எறங்கு, பிடி" என்று சொல்லிக்கொண்டே பொரித்தாள். அண்ணன் வீட்டைவிட்டு வெளியே போய்ச் சாப்பிட ஆரம்பித்துவிட்டான்.

சோதனை நாளில் முதல் பஸ்சைப் பிடித்து மதுரைக்குப் போனார்கள். வித்யா ஓட்டுகிறவள். ஒரு தனி அறையில் அவளை உட்கார வைத்தார்கள். அவளுக்குத் தெரிவது வேகம், எரிபொருள், எஞ்சினை முன்னுக்கும் பின்னுக்கும் பீய்ச்சுகிற இரண்டு பொத்தான், அவ்வளவுதான். வட்டப் படம் பக்கத்து அறையில் மதினிக்கு. காதில் மாட்டின கருவியில் மதினியின் மூச்சு புஸ்புஸ் என்று கேட்டது.

"மதினி, பிடிக்க வேண்டிய கலம் எங்க இருக்கு?"

"இரு... ஆங். நமக்குப் பின்னாடி வருது வித்யா. ஒரே வட்டம்."

"தூரம்?"

"எழுபது கிலோமீட்டரு."

வித்யா விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள். பின்னாடியோ முன்னாடியோ, பிடிக்கணும். பிடிக்கணும்னா என்ன? "பிரேக்கப் போடுறேன் மதினி."

"ஏய், வேணாம். மேல ஏறு."

வித்யாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஐயோ, மறுபடியுமா! வடச்சட்டி எல்லாம் காட்டி, ஐந்து நாள் மந்திரம் மாதிரி ஓதி, கடைசியில் வந்து மேலே ஏறு என்கிறாளே! "மதினி, தயவுசெஞ்சு சும்மா இருங்க. படத்த மட்டும் சொல்லுங்க." பொத்தானை அமுக்கினாள். வேகம் குறைந்தது.

"தூரம் என்ன?"

"எழுவத்தஞ்சு."

"என்னது?"

"எம்பது. நீ விலகிப் போற வித்யா."

வித்யா இன்னொரு தடவை பிரேக்கை அமுக்கினாள். எம்.எஸ்சி.யில் முதல் வகுப்பு, மூன்று வாரம் வாத்தியார் வேலை, எல்லாம் சேர்ந்து ஒரு விரலில் வந்து நின்றது. அந்த விரலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொத்தான்.

"தொண்ணூத்தஞ்சு. கைய எடுடி!" மதினி போட்ட சத்தத்தில் காது அடைத்துவிட்டது. தோட்டத்தில் ஆளை விரட்டுகிற அதே குரல். "எடுத்துட்டியா? இப்ப நான் சொல்றதக் கேளு. அது பின்னாடி வருது. அது நம்மளப் புடிக்கணும்னா நாம பெரிய சுத்துல மெதுவாப் போகணும். அது சின்னச் சுத்துல வெரசா வந்துரும். குழியில ஏறு, ஆத்தா. மேல ஏறு."

வித்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் அவமானத்தில் அப்படியே நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாமா என்றிருந்தது. பிரேக்கை விட்டு மற்றப் பொத்தானை அமுக்கினாள். மதினி போதும் என்றபோது நிறுத்தினாள். காத்திருக்கச் சொன்னபோது காத்திருந்தாள். எழுபது, நாற்பது, பன்னிரண்டு. இறங்கு என்றபோது இறங்கினாள். எரிபொருள் முள் சிவப்பைத் தொட்டபோது கலம் கலத்தோடு ஒட்டியது.

ஊர் திரும்பும் பஸ்சில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால்கூடத் தேவலை.

எட்டாம் நாள் சாயங்காலம் வித்யாவின் போனுக்குக் கடிதம் வந்தது. இரண்டு பேருக்கும் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். முதல் கடிதம்: வித்யா, தேர்வாகவில்லை. இரண்டாவது: மகாராணி, தேர்வு. இரண்டு நாளுக்குள் சம்மதம் தெரிவிக்கவும்.

மதினி அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, குழாயடியில் காலில் அப்பின சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். வித்யா வாசித்துக் காட்டினாள்.

மதினி தண்ணீரை நிறுத்தவில்லை. "எனக்கு எதுக்குத்தா அந்தச் சோலி. ஒனக்குத் துணைக்குத்தான வந்தேன். முடியாதுன்னு எழுதிப் போட்ரு."

பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? வித்யாவுக்கு வயிறு எரிந்தது. எழுதிப் போட்ரு என்றதும் அந்த எரிச்சலில் ஒரு குளிர்ச்சிகூட வந்துவிட்டது. ஒரு நொடிதான். அந்தக் குளிர்ச்சியை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒங்களுக்குப் பிடிக்கலையா மதினி? உண்மையச் சொல்லுங்க."

மதினி குதிகாலைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள். "பிடிக்காமயா. அந்தப் படத்துக்கு முன்னாடி உக்காந்திருந்தேன்ல, பதினெட்டு வருசத்துல மொத தடவ நான் படிச்சவன்னு தோணுச்சு. அதுக்காக, ஒன் வேலையை நான் பிடுங்கிக்கிறதா?"

"என் வேலையா? எனக்கு எங்க குடுத்தான்? நீங்க முடியாதுன்னு சொன்னா எனக்குக் குடுப்பானா? வாயைப் பொத்திக்கிட்டு இருங்க!" வித்யா அழுதுகொண்டே கத்தினாள், கத்திக்கொண்டே தட்டினாள். சம்மதம். அனுப்பு. "அனுப்பியாச்சு. இனி நீங்க நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

மதினி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழாய் அது பாட்டுக்கு ஓடியது. பிறகு எட்டிக் குழாயை மூடினாள்.

"அன்னைக்கே ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன் வித்யா. சோதன முடிஞ்சதும் அந்த ஆபீசரு, இவ்வளவு நல்லா யாரும்மா சொல்லிக் குடுத்தான்னு கேட்டாரு. பக்கத்து ரூம்ல ஓட்டுனாளே எங்க நாத்தனா, அவதான்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

வித்யா மூக்கை உறிஞ்சினாள். "என்ன சொன்னாரு?"

"நம்பவே இல்லடி."