பண்ணை வாசலில் பேசிய குரல்

ஜூலு ஜனங்கள் வாழும் அந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கெல்லாம் ஃபன்யானா சுங்கு "மன்னிச்ச பெரியவர்." வழியில் பார்த்துவிட்டால் நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். "எப்படி பாபா உங்களால முடிஞ்சுது?" என்று அப்பா முறை வைத்துக் கேட்பார்கள். அவர் யாரையும் மன்னிக்கவில்லை. அதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் மார்க் போய்விடுமே என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

எல்லாம் அந்த நாவலால் வந்தது. எழுதியவள் எல்னா போத்மா, பண்ணைக்காரர் போத்மாவின் மகள். அவளைத் தூக்கி வளர்த்தவள் ஃபன்யானாவின் மனைவி தெம்பெக்கிலே. சமையலறையில் வேலை செய்தபடி, முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வளர்த்தாள். அதே சமையலறை வாசலில் விளையாடிய லிந்தானி, தெம்பெக்கிலே பெற்ற ஒரே மகன், வளர்ந்து ஆளான பிறகு ஒருநாள் வேலிக்குள் ஓடிய தன் நாயைக் கூப்பிட அணைக்கரைக்குப் போனான். போத்மா சுட்டுவிட்டார். திருடன் என்று நினைத்தேன் என்றார். கோர்ட்டும் அப்படியே நினைத்துக்கொண்டது. கறுப்புப் பையனுக்கு ஒரு நியாயம், வெள்ளைத் துப்பாக்கிக்கு ஒரு நியாயம் என்று இருந்த காலம் அது.

அதோடும் விடவில்லை. சுங்கு குடும்பத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், ஆற்றுக்கு அந்தப்பக்கம் தகர வீடுகள் போட்டிருந்த மேட்டில் இறக்கிவிட்டார்கள். லிந்தானியின் உடலை அங்கேதான் புதைத்தார்கள். உடலைத்தான் புதைக்க முடிந்தது. வீட்டுக்கு வெளியில் செத்தவனின் ஆவி செத்த இடத்திலேயே நிற்கும். பெற்றவரோ உடன்பிறந்தவரோ ஓர் இலந்தை முள்கிளையை ஒடித்துக்கொண்டு அங்கே போய், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அந்தக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். கிளை கையில் இருக்கும்வரை செத்தவனோடு மட்டும்தான் பேசலாம். வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினாலும் போச்சு. நம்மை மறந்துவிட்டார்கள் என்று ஆவி அந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளும்.

ஃபன்யானா கிளையோடு பண்ணை வாசலுக்குப் போய்ப் பார்த்தார். போத்மா நாயை அவிழ்த்துவிட்டார். போத்மா செத்த பிறகு பண்ணையை வேட்டைக்காக விலங்கு வளர்க்கிறவர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். மின்வேலி வந்தது. உள்ளே எருமை இருக்கிறது, ஆளை விடமுடியாது என்று காவல்காரன் சொல்லிவிட்டான். எருமைக்கு இடம் இருந்தது, லிந்தானிக்கு வழி இல்லை. தெம்பெக்கிலே கனவில் அவன் அணைக்கரையில் ஈரச் சட்டையோடு நின்று, "யாரும் வரலியேம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் கனவோடு அவள் கிழவியானாள்.

எல்னா கேப் டவுனில் உட்கார்ந்து நாவல் எழுதினாள். அதில் அப்பன்காரன் கிளையோடு வருகிறான். பண்ணை வாசலில் கிழட்டுப் பண்ணைக்காரர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அப்பன் நிற்கிறான், "ஐயா, உங்களை மன்னிச்சுட்டேன்" என்கிறான், கதவு திறக்கிறது. படித்தவர்கள் அழுதார்கள். பரிசு கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அதை வாசித்துக் காட்டியபோது தெம்பெக்கிலே பானையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கிளையக் கையில வெச்சுக்கிட்டு வாயத் தொறந்தானாமா? அப்ப பையன் அங்கயே இறங்கியிருப்பானே. இந்தப் பொண்ணுக்கு என் முதுகுல கிடந்த காலத்துல இதெல்லாம் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன். பாதிய மட்டும் பிடிச்சுக்கிட்டு போயிருக்கா பாரு."

அந்த நாவலைத்தான் படமாக்க வந்தார்கள். எல்னா விடாப்பிடியாக நின்று, சொந்தப் பண்ணையிலேயே எடுக்க ஏற்பாடு செய்துவிட்டாள். எருமைகளை ஒருபக்கம் ஒதுக்கினார்கள், பூட்டிக் கிடந்த இரும்புக் கதவு திறந்தது. கூட்டத்தில் நிற்க மேட்டிலிருந்து ஆள் எடுத்தார்கள். ஃபன்யானாவும் போய் வரிசையில் நின்றார். படத்தில் முகம் தெரியவேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பன் வேஷம் ஜொஹானஸ்பர்கிலிருந்து வந்த மென்சிக்கு. தொலைக்காட்சித் தொடரில் வில்லனாக வந்து ஊரையே திட்டவைத்த ஆள். நல்ல நடிகன். ஆனால் அசல் இலந்தைக் கிளையை நீட்டியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டான்.

"இத நான் தொட மாட்டேன்" என்றான்.

வெள்ளைக்கார இயக்குநருக்குப் புரியவில்லை. "வெறும் கிளைதானே மென்சி?"

"வெறும் கிளைன்னா நீங்க தூக்கிட்டு நடங்க. நான் இதத் தூக்கிட்டு நடந்தா யாரு பின்னால வருவாங்க? எங்க கொண்டுபோய் விடுவேன்? எங்க அம்மா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க. எனக்கு வேற மரத்துக் கிளை கொடுங்க, அழுது காட்டறேன்."

வேறு மரத்துக் கிளை கொடுத்தார்கள். முகத்தைக் கிட்டத்தில் எடுப்பதற்கு அது போதும். தூரத்திலிருந்து, முதுகுப்பக்கமிருந்து முழுக் கிளையும் தெரிய எடுப்பதற்கு அசல் கிளைதான் வேண்டும், வளைந்த முள் தெரியவேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தார். மென்சியின் உயரத்துக்கு ஒரு ஆள் கிடைப்பானா என்று கூட்டத்தைப் பார்த்தார்கள்.

"நான் நடக்கறேன்" என்றார் ஃபன்யானா. "ஆனா கிளைய நான்தான் ஒடிப்பேன். அணைக்கரையிலேர்ந்துதான் நடப்பேன்."

மென்சி அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அருகில் வந்து மெல்லக் கேட்டான்: "மன்சினி, பையன் இங்கயா?" அது சுங்கு குலத்தாரை மரியாதையாகக் கூப்பிடும் பெயர். ஃபன்யானா தலையசைத்தார். மென்சி தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டான், பொத்தானையும் அவனே மாட்டினான். இயக்குநரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அணைத் தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்தது. மகன் விழுந்த இடத்தை ஃபன்யானா தேடவேண்டியிருக்கவில்லை. கிளையைத் தரையில் படும்படி தாழ்த்திப் பிடித்தார்.

"லிந்தானி, நான் அப்பா வந்திருக்கேன். ரொம்பத் தாமதமாயிடுச்சு. கதவு பூட்டியிருந்துதுப்பா, உன்னை மறந்து இல்ல. வா, வீட்டுக்குப் போலாம். உங்கம்மா காத்துக்கிட்டிருக்கா."

தூரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் நடந்தார். புல்மேட்டில் ஏறினார். பழைய மாட்டுப்பட்டியைத் தாண்டினார். போதும் என்று ஒலிபெருக்கியில் சத்தம் வந்தது. நின்றால்தானே. திரும்பி வந்து இன்னொரு தடவை நடக்கச் சொன்னார்கள். உதவியாளன் ஒருவன் ஓடிவந்து குறுக்கே நின்று கெஞ்சினான். ஃபன்யானா அவனைச் சுற்றிக்கொண்டு போனார். கேமராக்காரன் சாமர்த்தியசாலி, வண்டியைப் பின்னாலேயே விட்டான்.

வாசலில் எல்னா நின்றாள்.

நரைத்த கூந்தல், வெயிலில் சிவந்த முகம், அப்பனின் அதே தாடை. கதவுக்கு நடுவில் நின்றுகொண்டு ஜூலு மொழியில்தான் பேசினாள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது தெம்பெக்கிலே.

"பாபா, எங்கப்பா செஞ்சது கொலை. நான் அப்ப வீட்டுலதான் இருந்தேன். சத்தம் கேட்டுது. கோர்ட்டுல நான் எதுவும் சொல்லல. புஸ்தகத்துல உங்கள மன்னிக்க வெச்சது எனக்காகத்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், திட்டினாலும் சரி."

ஃபன்யானா நின்றார். நிற்காமல் எப்படிப் போவது, வழியை அடைத்துக்கொண்டல்லவா நிற்கிறாள். அவருக்குள் என்ன ஓடியது என்றால், ஆத்திரம்தான். இத்தனை வருஷம் இவள் அவர் பெயரில் மன்னிப்பை ஊர் முழுக்க வாரி வழங்கிவிட்டாள். அவரிடம் அது இருக்கிறதா இல்லையா என்று அவரே துழாவிப் பார்த்ததில்லை, கேட்டவரும் இல்லை. இன்று கேட்கிறாள், அவர் வாய் திறக்கக்கூடாத ஒரே நாளில். அழுகிற பெண்ணைப் பார்த்தால் இரக்கமாகவும் இருந்தது. சின்ன வயதில் அவர் தோளில் ஏறி மாடு பார்த்தவள்.

அவர் கிளையைப் பார்த்துச் சொன்னார்: "லிந்தானி, வாசலுக்கு வந்துட்டோம். வழியில ஒருத்தர் நிக்கிறாங்க. கொஞ்சம் பொறு, விலகிடுவாங்க."

எல்னா விலகினாள். வாயைப் பொத்திக்கொண்டு கம்பத்தில் சாய்ந்துவிட்டாள்.

தார்ச்சாலையில் வாடகை வேன் வந்தது. கிளையைக் கண்டதும் டிரைவர் பாட்டை நிறுத்தினான். ஃபன்யானா இரண்டு பேருக்கான காசை நீட்டினார், வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் இரண்டு இடம் ஒதுக்கினான். உள்ளே சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் அடங்கிவிட்டார்கள். ஆற்றுப் பாலம் வந்தபோது ஃபன்யானா கிளையிடம், "ஆத்தைத் தாண்டறோம்ப்பா" என்றார். வண்டியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அப்பனுக்கும் மகனுக்கும் உள்ள பேச்சு.

தெம்பெக்கிலே அவரை வாசலில் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. குடிசையின் பின்சுவர் ஓரம், முன்னோருக்கான இடத்தில் பாயை விரித்தாள். கிளையை அதன்மேல் வைத்த பிறகுதான், "யார்கிட்டயும் பேசலியே?" என்றாள்.

"பேசல."

"வழிமறிச்சாங்களா?"

"எல்னா மறிச்சா. பேசல."

ஆடு அறுத்தார்கள், பீர் காய்ச்சினார்கள். அன்றிலிருந்து கனவு வரவில்லை. தெம்பெக்கிலே குறட்டை விட்டுத் தூங்கினாள். ஃபன்யானா பக்கத்தில் விழித்துக் கிடந்து அதைக் கேட்டார். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தம் கேட்டதில்லை.

அடுத்த குளிர்காலத்தில் படம் வந்தது. நகர மண்டபத்தில் திரை கட்டி, மேட்டு ஜனங்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்களும் வந்திருந்தார்கள், ஒரு காலத்தில் இதே மண்டபத்து வாசற்படியில் கறுப்பர்களை உட்காரவிடாதவர்களின் பிள்ளைகள். தெம்பெக்கிலே தேவாலயத்துக்குப் போகும் உடையில் வந்திருந்தாள். மென்சி அழுதபோது, "நல்லாத்தான் அழறான்" என்று பாராட்டினாள்.

பிறகு அணைக்கரை வந்தது. புல்மேட்டில் ஃபன்யானாவின் முதுகு ஏறியது. கையில் அசல் கிளை, வளைந்த முள் தெளிவாகத் தெரிந்தது. தெம்பெக்கிலே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முதுகு வாசலுக்கு வந்தது, நின்றது. எதிரே எல்னா இல்லை, தொப்பியை நெஞ்சில் வைத்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். முதுகு அசையாமல் நிற்க, கனத்த ஒரு குரல் சொன்னது: "ஐயா, உங்களை மன்னிச்சுட்டேன்."

மண்டபத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். தெம்பெக்கிலேயின் கை பிடியை விட்டது.

"பேசினீங்களா?"

"நான் பேசல. மென்சி குரல். அப்புறம் சேர்த்திருக்காங்க."

"முதுகு உங்களுது."

"முதுகு என்னுது. குரல் என்னுது இல்ல. உனக்குத் தெரியாதா என் குரல்?"

"எனக்குத் தெரியும் லிந்தானி அப்பா" என்றாள் அவள். "அவனுக்குத் தெரியுமா? உங்க குரலைக் கேட்டு அவனுக்கு எத்தனை காலமாச்சு? கிளைய வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னு யாரோ பேசறாங்க. அப்பாதான் பேசறாருன்னு அவன் இறங்கிட்டா?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. உரத்த குரலில் கூப்பிட்டாள்.

"லிந்தானி, இறங்காதேப்பா. அது உங்க அப்பா இல்ல. உங்க அப்பா வாயத் தொறக்கல. நட கண்ணு, நிக்காம நட, வீடு வரைக்கும் வா."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். படத்தில் மனம் கரைந்துவிட்டாள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. பிறகு மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அந்தச் சத்தத்தை மீறி அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், திரையில் பெயர்கள் ஓடும்வரை.

வெளியே எல்னா அவர்களுக்காகக் காத்திருந்தாள். "பாபா, குரல் வேண்டாம்னு சொன்னேன். அது இல்லாம படம் முடியாதுன்னுட்டாங்க. நான் அப்புறம் சண்டை போடல. நீங்க பேசலன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது" என்றாள் தெம்பெக்கிலே. அவளிடம் கோபம்கூட மிச்சமில்லை. "சரி, இத நாளைக்கும் போடுவாங்களா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்க. அப்புறம் டர்பன், ஜொஹானஸ்பர்க். வெளிநாட்டுலயும் கேட்டிருக்காங்க."

தெம்பெக்கிலே தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கும் வரணும், லிந்தானி அப்பா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வந்து கூப்பிடலாம்."

"வரலாம்" என்றார் ஃபன்யானா.

வேன் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். அங்கே போனதும் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த ஊருங்கள்ல எல்லாம் போடும்போது, அவன யாரு கூப்பிடுவாங்க?"