சரியாகக் குந்தும் முறை

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையின் ஒரு பெயின்ட் கம்பெனியில் பாதுகாப்பு வார விழாவுக்கு பேக்கிங் பிரிவு ஏஞ்சலைத்தான் மாதிரியாக நிறுத்தினார்கள். முதுகு வளையாமல் குந்தி, பெட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டும். இடுப்பு வலிக்கிறது, ஒரு தள்ளுவண்டி கொடுங்கள் என்று தீபாவளியிலிருந்து அவள் கெஞ்சியதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த வைத்தியம் இது.

"இந்த இடுப்ப வச்சிக்கினு போவாத," என்று காலையிலேயே தடுத்துப் பார்த்தான் அவள் கணவன் லோகு. அதே கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். அவள் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் பைக்கில் வழி முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான்.

ஏஞ்சல் குந்தினாள். பெட்டியைப் பிடித்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"சார், எந்திரிக்க முடியல," என்றாள் சேஃப்டி ஆபீசர் ஜெயராஜிடம்.

விபத்தே நடக்காத ஆலைக்கான கேடயத்தோடு தலைமை அலுவலக விருந்தினர்கள் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். ஜெயராஜுக்கு வியர்த்தது.

"அவங்க போற வரைக்கும் அப்படியே இரும்மா. பார்க்க நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சிரி."

விருந்தினர்கள் அவளைச் சுற்றி வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். "அசையவே மாட்டேங்கறாங்களே, என்ன ஒரு பயிற்சி," என்று ஒருவர் வியந்தார். ஏஞ்சலின் கண்ணில் நீர் வழிந்தது.

"கம்பெனி மேல அவ்வளவு பாசம்," என்றார் ஜெயராஜ்.

அப்போதுதான் ஃபோர்க்லிஃப்ட் வந்து நின்றது. பேக்கிங் பெண்கள் நாலு பேர் ஏஞ்சலைக் குந்திய வாக்கிலேயே தூக்கி, வண்டியின் முன்கம்பிகள் மேலிருந்த மரப்பலகையில் வைத்தார்கள்.

"லோகு, இதுல ஆள ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?" என்று பல்லைக் கடித்தார் ஜெயராஜ்.

"ஆளா? இம்மா நேரம் பொம்மையாத்தான சார் வச்சிக்கினு இருந்தீங்க."

ஜெயராஜ் சட்டென்று விருந்தினர்கள் பக்கம் திரும்பினார். "இது அவசரகால மீட்பு ஒத்திகைங்க."

கைதட்டல் கூரையைத் தொட்டது. வண்டி ஆம்புலன்ஸ் நிற்கும் பக்கம் மெதுவாக ஊர்ந்தது.

"பயமா கீதுய்யா," என்றாள் ஏஞ்சல்.

"கம்பிய கெட்டியா புடிச்சிக்கோ. கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இம்மா அடக்கமா குந்தினது இல்ல."

பின்னால் ஜெயராஜ் ஓடிவந்தார். "லோகு, நில்லுப்பா. அவங்க வீடியோ எடுக்கலையாம். இன்னொரு தடவ முதல்லேர்ந்து செய்யணுமாம்."

லோகு ஹாரனை அழுத்தினான், வண்டியை நிறுத்தவில்லை. காலையிலிருந்து முதல்முறையாக ஏஞ்சலுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் இடுப்பு சுரீரென்றது.

"சிரிக்க வெக்காதய்யா, வலிக்குது," என்றாள்.