பிரேக் சாரும் பீட்ரூட் சாறும்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பிரேக் சார் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்கும் அது தெரியும். தெரியாதவர் போலவே காலத்தை ஓட்டினார். பயிற்சிக் காரில் வாத்தியார் சீட்டுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு என்று வைத்தது. அவரோ மூச்சு விடுவது போல அதை மிதித்துக்கொண்டே இருப்பார். காலோடு சேர்ந்து வாயும் ஓடும். "கண்ணு எதுக்கு இருக்கு, மை வைக்கிறதுக்கா? எதிர்ல வர்றது லாரிம்மா, உங்க மாமா இல்ல, சிரிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு!"

அப்படிப்பட்டவரை ஐம்பத்தெட்டு வயதில் ஒரு ஜாம் பாட்டில் அவமானப்படுத்திவிட்டது. மூடி திறக்கவில்லை. துணியைச் சுற்றித் திருகினார், வெந்நீரில் காட்டினார், திட்டியும் பார்த்தார். கணக்கு டீச்சரான அவர் மனைவி விடைத்தாள் கட்டை அக்குளில் இடுக்கியபடி வந்து, ஒரே திருகில் திறந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

டாக்டரம்மா அவர் புஜத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கீங்க. சதை கரைஞ்சுக்கிட்டு வருது. ஒழுங்கா ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டு எடை தூக்குங்க. தட்டுல கலர் கலரா காய், பழம் இருக்கட்டும், ஆன்டிஆக்ஸிடன்ட் கிடைக்கும்." இரண்டு யோசனைகளில் எது கஷ்டம், எது சுலபம் என்பது பிரேக் சாருக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

ஆனாலும் ஜிம்முக்குப் போனார். சூப்பர் மார்க்கெட்டுக்கு அடியில், படியிறங்கிப் போகும் நீளமான அறை. சுவரெல்லாம் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் தொப்பையே எதிரில் வந்து வணக்கம் சொன்னது. "வாங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தார். போன வருஷம் அவரிடம் கார் ஓட்டக் கற்க வந்து, அவர் பேச்சுத் தாங்காமல் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போன பெண். அவள்தான் அங்கே கோச்.

"என்னை ஞாபகம் இருக்கா சார்?"

"இல்லையேம்மா" என்று வாய் கூசாமல் சொன்னார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று சிரித்தாள்.

அவள் எப்போது பழி வாங்கப் போகிறாள் என்று அவர் தினமும் காத்திருந்தார். அவள் வாங்குகிற வழியாக இல்லை. வெறும் மூங்கில் கழியைக் கையில் கொடுத்துக் குனிந்து நிமிரச் சொன்னாள். "முதுகு வளையுது சார். பரவாயில்ல, மறுபடி பண்ணுங்க. அவசரமே இல்ல." பக்கத்தில் காலேஜ் பையன்கள் லாரி சக்கரம் மாதிரி எடைகளை மாட்டித் தூக்கும்போது, இவர் கழியோடு மாடு மேய்க்கப் போகிறவர் போல நின்றார். அவள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

குறுக்கு வழி செல்போனில் கிடைத்தது. கருநிறப் பழமும் சிவப்புக் கிழங்கும் தின்றால் உடம்பே புதுசாகிவிடும் என்று யாரோ ஒருவன் சட்டை போடாமல் நின்று சத்தியம் செய்தான். மறுநாளே வீட்டில் மிக்ஸி அலற ஆரம்பித்தது. பீட்ரூட், மாதுளை, கருந்திராட்சை, ஊதா முட்டைக்கோஸ். சமையலறைச் சுவரெல்லாம் சிவப்புத் தெறித்தது.

"போலீஸ்காரங்க வந்து பார்த்தா என்னைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாத. இதெல்லாம் ஆன்டிஆக்ஸிடன்ட்."

"அது சரி, துடைக்கிறது யாரு?"

காரிலும் அதே பாடம்தான். "ஃப்ரீ ராடிக்கல்னா என்னன்னு நினைச்சே? லைசன்ஸ் இல்லாத பசங்க மாதிரி. உடம்புக்குள்ள கண்டபடி ஓட்டி எல்லாத்தையும் இடிச்சுட்டுப் போவானுங்க. இந்தச் சாறுதான் டிராஃபிக் போலீஸ்." ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர்கள் அவருடைய ஊதா உதட்டைப் பார்ப்பதா, சாலையைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தார்கள்.

உள்ளே இவ்வளவு போலீஸ் இருக்கும் தைரியத்தில் ஒருநாள் அவர் வேலியைத் தாண்டிவிட்டார். கோச் தண்ணீர் குடிக்கப் போன நேரம். காலேஜ் பையன் ஒருவன் இறக்கிவைத்துவிட்டுப் போன கம்பியை, எடையைக் குறைக்காமல் அப்படியே பிடித்துத் தம் கட்டி இழுத்தார். கம்பி முழங்கால்வரை வந்தது. இடுப்பில் ஏதோ 'களுக்' என்றது. தொப்பென்று போட்டுவிட்டு, கண்ணாடியில் தலை சீவுவது போல நின்றுகொண்டார்.

மறுநாள் காலை கழிப்பறைக்குப் போனவர் குனிந்து பார்த்தார். சிவப்பு. நல்ல ரோஜாச் சிவப்பு.

சிறுநீரகம் கிழிந்துவிட்டது என்று முடிவு கட்டினார். மனைவியிடம் சொன்னால் சாவுக்கு முன்பே கொன்றுவிடுவாள். பயிற்சிக் காரையே உருட்டிக்கொண்டு, மூன்று தெரு தள்ளியிருந்த ஜிம்முக்கே போய்ச் சேர்ந்தார். கோச் அப்போதுதான் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நேத்து நீ இல்லாதப்ப அந்தப் பெரிய கம்பியத் தூக்கிட்டேன். இன்னிக்கு... சிவப்பா போகுது."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "சாவியைக் குடுங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

"இப்ப லைசன்ஸ் இருக்கு. ஏறுங்க."

பழக்க தோஷத்தில் அவர் வாத்தியார் சீட்டில் உட்கார்ந்தார். முதல் திருப்பத்திலேயே கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டான். சிக்னலில் இன்னொரு மிதி. பஸ்ஸைத் தாண்டும்போது இன்னொன்று.

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். "சார், உங்களுக்கு உயிரோட ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, வேணாமா? காலை மேல தூக்கி வைங்க."

முதன்முறையாக அவளிடமிருந்து ஒரு அதட்டல். பிரேக் சார் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போவது போலப் போனது. கியர் மாறியதே தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசல்.

"நல்லாத்தான் ஓட்டறே. யார்கிட்ட கத்துக்கிட்டே?"

அவள் எதிர்த்தெருப் பயிற்சிப் பள்ளியின் வாத்தியாரைச் சொன்னாள்.

"அவனா! அவனுக்கு ரிவர்ஸே எடுக்கத் தெரியாதே!" என்று பிரேக் சார் துள்ளினார். சாகப் போகிறவர் இவ்வளவு கோபப்படுவாரா என்று அவளுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது.

கோச் போன் போட்டு வரவழைத்ததில், சோதனை முடிவதற்குள் மனைவி வந்து சேர்ந்துவிட்டாள். இளம் டாக்டர் தாளைப் புரட்டினார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒரு தோட்டத்தையே" என்றாள் மனைவி.

"பீட்ரூட்டா?"

"மூணு டம்ளர் சாறு" என்று முனகினார் நோயாளி.

டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "ரத்தமே இல்ல சார். பீட்ரூட் கலர் சிலருக்கு அப்படியே இறங்கிடும். இடுப்பு கொஞ்சம் பிசகியிருக்கு, அவ்வளவுதான். ஆனா உடனே வந்தது சரி. கண்டபடி எடை தூக்கினாலும் கலர் மாறும், அது விளையாட்டில்ல. பழத்தைப் பழமா சாப்பிடுங்க. சாறு குடிச்சா மட்டும் சதை வளராது. பருப்பு, முட்டைன்னு சாப்பிட்டு, இந்தக் கோச் சொல்ற எடையைத் தூக்குங்க."

கணக்கு டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சிறுநீரைப் பார்த்துட்டு யாராவது ஜிம்முக்குப் போவாங்களா! இது உங்களை விட்டா வேற யாருக்குத் தோணும்!" கோச்சும் சேர்ந்துகொண்டாள். கட்டிலில் இருந்தவர் மட்டும் மானம் கப்பலேறியதில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு அவருக்கும் வயிறு குலுங்கியது. இடுப்பு வலித்தது, இருந்தும் நிறுத்த முடியவில்லை.

இடுப்பு தேறியதும் அவர் கழிக்கே திரும்பினார். அடுத்த மாதத்திலிருந்து மனைவியும் கூட வந்தாள். அவள் இரண்டாம் வாரமே கழியைத் தாண்டிக் கம்பிக்குப் போய்விட்டது தனிக் கதை. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

கோச்சைப் பார்த்துப் பார்த்து, வண்டியில் திட்டுவதையும் விட்டுவிடுவதென்று தீர்மானித்தார். "பரவாயில்லம்மா, மறுபடி பண்ணு" என்று தேன் தடவிய குரலில் சொல்லிப் பழகினார். நாலைந்து நாள் போனது. காலை வகுப்பில் ஒரு பேக்கரிக்காரர் வண்டியை நடைபாதையில் ஏற்றி நிறுத்திவிட்டு, வேர்த்துப்போய் அவரைப் பார்த்தார்.

"சார், உடம்பு ஏதும் சரியில்லையா? பயமா இருக்கு சார். தயவுசெஞ்சு திட்டிடுங்க."

பிரேக் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.